60 டாலருக்கு ஓர் ஆதரவாளர்

2017 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகர மன்றத்தில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம். நகரின் கிழக்கே எரிவாயுவில் இயங்கும் மின் நிலையம் ஒன்றைக் கட்ட எண்டர்ஜி என்ற மின் விநியோக நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. அந்தப் பகுதியில் கறுப்பினத்தாரும் வியட்நாமியர்களும் அதிகம். புகை, கட்டணம், நிலம் அமிழ்ந்துபோவது என்று அவர்களுக்குப் பல கவலைகள். ஆனால் அன்று கூடத்துக்குள் நுழைந்தவர்களின் கண்ணில் முதலில் பட்டது ஆரஞ்சு நிறச் சட்டைகள்தான். தூய ஆற்றல், நல்ல வேலைவாய்ப்பு, நம்பகமான மின்சாரம் என்று மார்பில் அச்சிட்ட சட்டைகள். அவற்றை அணிந்தவர்கள் இடமறிந்து கைதட்டினார்கள். சிலர் எழுந்துபோய் ஒலிவாங்கி முன் நின்று, மின் நிலையம் ஏன் வேண்டும் என்று பேசவும் செய்தார்கள்.

2018 பிப்ரவரியில் இன்னொரு கூட்டம். அங்கும் அதே ஆரஞ்சு. மார்ச்சில் நகர மன்றம் 6-க்கு 1 என்ற வாக்கில் அனுமதி கொடுத்தது.

மே மாதம் 'தி லென்ஸ்' என்ற உள்ளூர்ச் செய்தி நிறுவனம் விஷயத்தை உடைத்தது. ஆரஞ்சுச் சட்டைக்காரர்களில் பலர் நடிகர்கள். வந்து உட்கார்ந்து கைதட்டினால் 60 டாலர். எழுதிக் கொடுத்ததைப் பேசினால் 200 டாலர். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று கையெழுத்து வேறு. நியூ ஆர்லியன்ஸ் படப்பிடிப்புகள் நிறைய நடக்கிற ஊர். துணை நடிகர்களுக்குப் பஞ்சமில்லை. வந்தவர்களில் சிலர் ஒருவரையொருவர் ஏற்கெனவே படப்பிடிப்புத் தளங்களில் பார்த்தவர்கள். காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் எதிராக யாராவது பேசினால் கைதட்ட வேண்டும் என்பதுதான் கொடுக்கப்பட்ட வேலை என்று அவர்களில் ஒருவரே பின்னால் சொன்னார்.

பணம் போன வழியையும் பார்க்க வேண்டும். எண்டர்ஜி, ஹாதார்ன் குரூப் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தை அமர்த்தியது. ஹாதார்ன், 'கிரவுட்ஸ் ஆன் டிமாண்ட்' என்ற நிறுவனத்தை அமர்த்தியது. கேட்டவுடன் கூட்டம் என்று பொருள். தொழிலைப் பெயரிலேயே வைத்துக்கொண்டவர்கள். விஷயம் வெளியே வந்ததும் எண்டர்ஜி, இது எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது. நடுவில் இரண்டு கைகள் இருந்தால் மூன்றாவது கையில் மை ஒட்டாது. இந்தத் தொழிலில் துணை ஒப்பந்தம் இருப்பதே அதற்காகத்தான். நகர மன்றம் அமர்த்திய புலனாய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். இது போர், கிடைக்கிற காலாட்கள் எல்லாம் வேண்டும் என்ற பொருளில் அன்றைய தலைமை அதிகாரி அனுப்பியிருந்த குறுஞ்செய்தியும் அகப்பட்டது. கடைசியில் 50 லட்சம் டாலர் அபராதம். மின் நிலையத்தின் மதிப்பு சுமார் 21 கோடி டாலர். அனுமதி ரத்தாகவில்லை.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஆஸ்ட்ரோடர்ஃப்பிங் என்று பெயர். ஆஸ்ட்ரோடர்ஃப் என்பது செயற்கைப் புல்லின் வணிகப் பெயர். 1966இல் டெக்ஸாஸின் ஹூஸ்டன் நகரில் இருந்த மூடிய விளையாட்டரங்கில் விரித்ததால் புகழ்பெற்றது. 1985இல் அதே டெக்ஸாஸின் செனட்டர் லாய்ட் பெண்ட்சனுக்குக் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்தன. பொதுமக்கள் எழுதியவைபோல் இருந்தாலும் அவற்றுக்குப் பின்னால் காப்பீட்டுத் துறை இருந்தது. புல்வேருக்கும் ஆஸ்ட்ரோடர்ஃப்புக்கும் வித்தியாசம் ஒரு டெக்ஸாஸ்காரனுக்குத் தெரியாதா என்று அவர் கேலி செய்தார். சாதாரண மக்களிடமிருந்து எழும் இயக்கத்தை ஆங்கிலத்தில் புல்வேர் என்பார்கள். அதனால் பிளாஸ்டிக் புல் அங்கே சட்டென்று புரிந்தது. நாம் அடித்தட்டு என்கிறோம், அடிமட்டம் என்கிறோம். அந்தச் சிலேடை தமிழில் ஒட்டாது.

ஒட்டத் தேவையும் இல்லை. கூலிக்கு மாரடிப்பது என்ற சொல் நம்மிடம் எத்தனையோ காலமாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்க வந்தவர் காசு வாங்கியிருக்கிறார் என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவர் அழுவதைப் பார்த்து, செத்தவர் அவருக்கு உறவு என்று யாரும் நினைப்பதில்லை. துக்கத்துக்குக் குரல் கொடுக்க ஒருவர், அவ்வளவுதான். ஏமாந்தவர் அங்கே யாரும் இல்லை.

அரசியல் கூட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு தேர்தல் சமயம் நெடுஞ்சாலை ஓரத் தேநீர்க் கடையில் நின்றிருந்தேன். ஒரு வேன் வந்து நின்றது. தலையில் கட்சித் தொப்பியோடு இறங்கிய ஒரு அம்மாளிடம், "எந்தத் தலைவர் கூட்டத்துக்கு அம்மா போகிறீர்கள்?" என்று கேட்டேன். "வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். தலைக்கு இவ்வளவு, சாப்பாட்டுப் பொட்டலம், திரும்பக் கொண்டுவந்து விடும் பொறுப்பு என்பதெல்லாம் ஊரறிந்த ஏற்பாடு. மேடையில் இருப்பவருக்கும் அது தெரியும். பிறகு எதற்கு அவ்வளவு செலவு? அங்கே காட்டப்படுவது ஆதரவு அல்ல, ஆள் திரட்டும் பலம். மாவட்டச் செயலாளர் தலைமையிடம் நீட்டுகிற மதிப்பெண் பட்டியல் அது. இதைப் பார்த்து வாக்கை மாற்றிக்கொண்டவர் உண்டா என்பது எனக்குச் சந்தேகம்.

நியூ ஆர்லியன்ஸில் நடந்தது வேறு. அங்கே வாங்கப்பட்ட சரக்கே ரகசியம்தான். ஆரஞ்சுச் சட்டைக்காரர் 60 டாலர் வாங்கியது தெரிந்துவிட்டால் அவருடைய கைதட்டல் செல்லாக் காசு.

விலைக்கு வாங்கிய கைதட்டல் பழைய சரக்கு. ரோமப் பேரரசன் நீரோ மேடையில் பாடும்போது கைதட்டுவதற்கென்றே 5,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பழக்கி வைத்திருந்தான். கைதட்டலில் தேனீ, கூரை ஓடு, செங்கல் என்று வகைகள் இருந்ததாக ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நாடக அரங்குகளில் இதுவே முறையான தொழில். சிரிக்க ஒருவர், சரியான இடத்தில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைக்க ஒரு பெண், 'மறுபடியும்!' என்று கத்த ஒருவர் என்று ஆட்கள் பிரிக்கப்பட்டிருந்தார்கள். நடிகர்களே அவர்களுக்குப் படியளந்தார்கள். படியளக்காதவருக்கு அரங்கு அமைதியாக இருக்கும், சமயத்தில் சீறலும் வரும்.

இதையெல்லாம் கேட்கும்போது, போலி ஆதரவு என்பது பொய்யான மனிதர்களைக் கொண்டு செய்யப்படுவது என்று தோன்றும். கணினி உருவாக்கிய பெயர்கள், முகமில்லாத கணக்குகள். அதுவும் உண்டு. ஆனால் பெரிய வேலைகளை எடுத்துப் பார்த்தால் மூலப்பொருள் பெரும்பாலும் உண்மையானதாகத்தான் இருக்கிறது. உண்மையான ஆட்கள், உண்மையான பெயர்கள், உண்மையான முகவரிகள். பொய் இருப்பது வேறிடத்தில். 1993இல் அமெரிக்காவில் தேசியப் புகைபிடிப்போர் கூட்டணி என்று ஒன்று தோன்றியது. அதன் உறுப்பினர்கள் உண்மையிலேயே புகைப்பவர்கள்தான். அதைத் தொடங்கிப் பணம் போட்டது பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம். கட்டி எழுப்பியது பர்சன்-மார்ஸ்டெல்லர் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம்.

குவைத் விஷயத்தில் இதன் கணக்கே காகிதத்தில் இருக்கிறது. 1990இல் ஈராக் குவைத்தைப் பிடித்த பிறகு 'சுதந்திரக் குவைத்துக்கான குடிமக்கள்' என்ற அமைப்பு அமெரிக்காவில் முளைத்தது. அது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தை அமர்த்தியது. அக்டோபர் 10ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு முன் 15 வயதுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். ஈராக்கியச் சிப்பாய்கள் மருத்துவமனையில் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டதைப் பார்த்தேன் என்றாள். போருக்கு ஆதரவு தேடியவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது 1992 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. அந்தக் கதைக்கு நம்பத்தக்க ஆதாரமும் கிடைக்கவில்லை. அந்தக் 'குடிமக்கள்' அமைப்புக்குத் தனிமனிதர்கள் கொடுத்த நன்கொடை 17,861 டாலர். குவைத் அரசு கொடுத்தது ஒரு கோடியே 10 லட்சம் டாலருக்கும் மேல்.

இனி இந்தத் தொழிலின் ஆகப் பெரிய கணக்குக்கு வரலாம்.

2017இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், இணையச் சமவாய்ப்பு விதிகளை நீக்க முன்வந்தது. இணைப்புத் தருகிற நிறுவனம் ஒரு தளத்தை வேகமாகவும் இன்னொன்றை மெதுவாகவும் விடக் கூடாது என்பதுதான் அந்த விதிகளின் சாரம். நீக்கலாமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் கருத்துகள் வந்து குவிந்தன. நியூயார்க் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் பல ஆண்டுகள் துருவி 2021 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் கருத்துகள் போலி.

இவற்றில் 85 லட்சம், பிராட்பேண்ட் நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய இயக்கத்திலிருந்து வந்தவை. அந்த இயக்கத்துக்கு ஆன செலவு 82 லட்சம் டாலர். வேலையை எடுத்துக்கொண்டவை முகவரி திரட்டி விற்கிற நிறுவனங்கள். கிஃப்ட் கார்டு தருகிறோம், பரிசுக் குலுக்கலில் சேருங்கள் என்று இணையத்தில் விளம்பரம் போட்டு, பெயரும் முகவரியும் வாங்குவது அவர்களுடைய அன்றாடத் தொழில். அப்படி வருகிறவர்களிடம் விதிகளை நீக்கச் சம்மதமா என்றும் கேட்டு, சம்மதித்தவர்களின் பெயரில் கருத்தை அனுப்ப வேண்டும், ஒப்பந்தம் அதுதான். அந்தக் கேள்வியைக் கேட்கும் சிரமத்தைக்கூடப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளவில்லை. கையில் ஏற்கெனவே இருந்த பழைய பட்டியலை எடுத்து அதிலுள்ள பெயர்களை அப்படியே அனுப்பினார்கள். ஒரு நிறுவனம் இதற்கு எடுத்தது, முன்பு எங்கோ திருடப்பட்டு இணையத்தில் கொட்டப்பட்டிருந்த தகவல். செத்தவர்கள் பெயரில் கருத்து வந்தது. ஜெஃப் மெர்க்லி, பாட் டூமி என்ற இரண்டு செனட்டர்களின் பெயரிலும் வந்தது. ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. இருவரும் சேர்ந்து ஆணையத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினார்கள்.

மறுதரப்பும் யோக்கியமில்லை. 77 லட்சம் கருத்துகளை, விதிகள் வேண்டும் என்ற தரப்பில், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் மென்பொருள் ஒன்றை வைத்துக்கொண்டு தனியாளாக அனுப்பியிருந்தார். எல்லாம் கற்பனைப் பெயர்கள். ஒரு பக்கம் 82 லட்சம் டாலர், இன்னொரு பக்கம் ஒரு பையன். எண்ணிக்கை மட்டும் கிட்டத்தட்ட ஒன்றே. எண்ணிக்கைக்கு இனி என்ன மதிப்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

விதிகள் 2017 டிசம்பர் 14ஆம் தேதி 3-க்கு 2 என்ற வாக்கில் நீக்கப்பட்டன. நாங்கள் தலைகளை எண்ணவில்லை, வாதங்களின் தரத்தைத்தான் பார்த்தோம் என்றது ஆணையம். அப்படியானால் இத்தனை லட்சம் செலவு எதற்கு? அட்டர்னி ஜெனரலின் அறிக்கையில் அதற்கு விடை இருக்கிறது. ஆணையத்தின் தலைவருக்கு ஒரு மறைப்பு வேண்டும் என்பதை இயக்கத்தை நடத்தியவர்களே தங்களுக்குள் எழுதிக்கொண்டிருந்தார்கள். என் பார்வையில் இந்த முழுத் தொழிலின் மையம் அதுதான். மக்களின் மனதை மாற்ற இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. அதற்கு விளம்பரம் இருக்கிறது. இங்கே வாங்கப்படுவது, முடிவெடுக்கிற ஒருவருக்கான சாக்கு. எடுக்க நினைத்த முடிவை எடுத்துவிட்டு, பாருங்கள், நாலு பேர் கேட்டார்கள் என்று காட்டுவதற்கு ஒரு கட்டுக் காகிதம், ஒரு கூடம் நிறைய ஆரஞ்சுச் சட்டை. நகர மன்ற உறுப்பினர் அந்தக் கூட்டத்தை நம்பினாரா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். நம்பியதாகச் சொல்ல வழியிருந்தால் போதும்.

அந்த 2 கோடிக்குள் உண்மையாகத் தாமே உட்கார்ந்து எழுதியவர்களும் இருந்தார்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர் ஒருவர் ஒரே அச்சில் வார்த்த கடிதங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது மிஞ்சியவை சுமார் 8 லட்சம். அவற்றில் 99.7 விழுக்காடு விதிகளை நீக்கக் கூடாது என்றன. வைக்கோற்போரில் ஊசி.

இந்தியாவில் இதன் பங்காளிக் கதை ஒன்று நடந்தது. 2015 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய், தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைக்கலாமா என்று ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு நான்கு கேள்விகள் கேட்டது. அப்போது ஃபேஸ்புக், 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்ற பெயரில், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டத்தைக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம், தவறிய அழைப்பு கொடுக்க ஒரு எண். ஃபேஸ்புக்கைத் திறந்தாலே, ஃப்ரீ பேசிக்ஸைக் காப்பாற்ற டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்புங்கள் என்று ஒரு பெட்டி. உள்ளே கடிதம் தயாராக இருக்கும், பொத்தானை அமுக்கினால் போதும். உங்கள் நண்பர் இன்னார் அனுப்பிவிட்டார் என்ற தகவலும் கூடவே வரும். டிராய்க்கு வந்த சுமார் 24 லட்சம் பதில்களில் ஏறக்குறைய 19 லட்சம் இந்த வழியில் வந்தவை.

இதைப் போலி என்று சொல்ல முடியுமா? அமுக்கியவர்கள் உண்மையான மனிதர்கள். யாரும் காசு வாங்கவில்லை. யார் நடத்துகிறார்கள் என்பதும் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் கடிதத்தில் டிராய் கேட்ட நான்கு கேள்விகளுக்குப் பதில் இல்லை. ஃப்ரீ பேசிக்ஸ் வேண்டும் என்பது மட்டும் இருந்தது. 2016 ஜனவரியில் டிராய் ஃபேஸ்புக்குக்கு எழுதிய கடிதம் அரசு அலுவலகக் கடிதங்களுக்கே உரிய வழவழப்பு இல்லாத கடிதம். ஒரு கலந்தாய்வை, பின்னாலிருந்து இயக்கப்பட்ட முரட்டுப் பெரும்பான்மை வாக்கெடுப்பாக மாற்றிவிட்டீர்கள் என்று அது கண்டித்தது. பிப்ரவரி 8ஆம் தேதி வேறுபட்ட கட்டணங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போனது. இணையச் சமவாய்ப்புக்காகப் போராடியவர்களும் தயார் நிலைக் கடிதத்தைப் பயன்படுத்தியவர்கள்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். வித்தியாசம், அவர்களுடைய கடிதம் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருக்காமல் இதைக் கேட்டது டிராய். அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பிடிவாதத்தின் அருமை தெரிகிறது.

நான்கு பேரைப் பார்த்து ஐந்தாவது ஆள் நிற்பது மனித சுபாவம். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1960களின் கடைசியில் நியூயார்க்கின் நடைபாதையில் ஆட்களை நிறுத்தி ஆறாவது மாடிச் சன்னலை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். ஒருவர் பார்த்தபோது வழிப்போக்கர்களில் 4 விழுக்காட்டினர் நின்றார்கள். 15 பேர் பார்த்தபோது 40 விழுக்காட்டினர் நின்றுவிட்டார்கள். சன்னலில் பார்க்கும்படி ஒன்றுமில்லை. 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், செய்திகளைப் பகிரும் தளம் ஒன்றில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பின்னூட்டங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் தொடக்கத்திலேயே ஒரே ஒரு பொய்யான ஆதரவு வாக்கைப் போட்டுவிட்டார்கள். கடைசியில் அவற்றின் மதிப்பெண் சராசரியாக 25 விழுக்காடு கூடியிருந்தது. முதல் ஆளை மட்டும் விலைக்கு வாங்கினால் போதும், மற்றவர்கள் இலவசமாக வருவார்கள் என்று கடை வைத்திருப்பவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள்.

2013இல் தைவானில் சாம்சங் நிறுவனத்துக்கு 1 கோடித் தைவான் டாலர் அபராதம் விழுந்தது. மாணவர்களைக் கூலிக்கு அமர்த்தி, தன் கைபேசிகளைப் புகழவும் உள்ளூர் நிறுவனமான ஹெச்டிசியின் கைபேசிகளைத் தாழ்த்தவும் இணையத்தில் எழுத வைத்ததுதான் குற்றம். இப்போது மாணவர்கள்கூடத் தேவையில்லை, வாங்கினவரே போதும். நான் சென்ற ஆண்டு இணையத்தில் ஒரு மின்சாரக் கெண்டி வாங்கினேன். பெட்டிக்குள் உத்தரவாத அட்டையை விடப் பளபளப்பான ஒரு சீட்டு இருந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டு, அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 150 ரூபாய் தருவார்களாம். நான்கு போட்டால் என்ன கிடைக்கும் என்று சீட்டில் இல்லை. மூன்றாவது வாரம் கெண்டியின் மூடி கழன்று கையோடு வந்துவிட்டது. விற்பனைப் பக்கத்தில் அது இன்னும் 4.4 நட்சத்திரத்தில் மின்னிக்கொண்டிருக்கிறது. அந்த 150 ரூபாயை வாங்கியிருந்தால் நானும் ஆரஞ்சுச் சட்டைக்காரன்தான். கெண்டியில் கொதித்த தண்ணீர் அளவுக்கு உண்மையான ஒருவன்.

அமெரிக்கா 2024இல் இப்படி விலை கொடுத்து மதிப்புரை வாங்குவதை வெளிப்படையாகத் தடை செய்து விதி கொண்டுவந்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் இணைய மதிப்புரைகளுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. அறிமுகமானபோது அது கட்டாயமாக்கப்படவில்லை.

அரசுகளே இறங்கினால் அளவு மாறுகிறது. சீன அரசு ஆண்டுக்கு சுமார் 45 கோடிப் பதிவுகளைச் சாதாரண மக்கள் எழுதியவைபோல எழுத வைக்கிறது என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்கள் யாருடனும் வாதாடுவதில்லை என்பதுதான் அதில் சுவையான செய்தி. எங்காவது புகைச்சல் கிளம்பினால் நாட்டைப் புகழ்ந்தும் நல்வாழ்த்துச் சொல்லியும் பேச்சைத் திருப்புவார்கள், அவ்வளவுதான். தென் கொரியாவில் 2012 தேர்தல் சமயம் உளவுத்துறை ஊழியர்கள் ட்விட்டரில் பொதுமக்கள் வேடத்தில் எழுதினார்கள்; அதன் அன்றைய தலைவர் பின்னர் சிறைக்குப் போனார். நீதிமன்றம் மூலம் தெரியவந்த அந்தக் கணக்குகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் துருத்திக்கொண்டு நின்றது. மற்ற மக்கள் மாலையில், விடுமுறையில் எழுதினார்கள். இவர்கள் வேலை நாளில், அலுவலக நேரத்தில் எழுதினார்கள். தேசபக்தி காலை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மாலை வீட்டுக்குப் போயிருக்கிறது.

கண்டுபிடிப்பதற்கான வழிகள் இப்படித்தான். ஒரு கணக்கைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே நேரம், ஒரே வாசகம், ஒரே பிழை தெரியும்.

ஆனால் இந்தக் கண்டுபிடிப்பு வேலைக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. போலி என்று ஒன்று இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டால், அசலைப் பார்த்துப் போலி என்பது மிகச் சுலபம். ஃபுகுஷிமா விபத்து நடந்த 2011இல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரையில் மீனவக் குடும்பங்கள் உட்கார்ந்தன. கோயில் முன் பந்தல், தொடர் உண்ணாவிரதம், பெண்களும் குழந்தைகளும். 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் 'சயின்ஸ்' இதழுக்குக் கொடுத்த பேட்டியில், இந்த எதிர்ப்புக்குப் பின்னால் அமெரிக்காவை மையமாகக் கொண்ட தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். கடலுக்குப் போகிற வள்ளத்தை நிறுத்திவிட்டுப் பந்தலுக்கு வந்தவருக்கு எந்த நாட்டுப் பணம் வந்தது என்று கேட்பாரில்லை. ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் பதிவாயின. உலை சரியா தவறா என்பது தனி வாதம். அந்த வாதத்தை அவர்களோடு நடத்தாமல் இருக்க, அவர்கள் கூலிக்கு வந்தவர்கள் என்ற சந்தேகம் ஒன்றே போதுமானதாக இருந்தது. நிஜக் கூலிக் கூட்டத்தை நடத்துகிறவர்கள் மேல் விழ வேண்டிய பழி, கையில் காசில்லாதவர்கள் மேல்தான் சீக்கிரம் விழுகிறது.

நியூ ஆர்லியன்ஸிலும் காசில்லாதவர்கள் இருந்தார்கள். கூடம் நிறைந்துவிட்டது என்று கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். நாங்கள் பேசவேண்டிய இடத்தில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்று பின்னால் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. அவர்கள் கேட்க நினைத்த கேள்வி சிக்கலானது அல்ல. எங்கள் ஊரில் மின்சாரம் போவது மின் நிலையம் இல்லாததால் அல்ல, கம்பிகள் அறுந்து விழுவதால். அந்தப் பணத்தைக் கம்பிகளுக்குச் செலவழித்தால் என்ன என்பதுதான். நிறுவனத்தின் பதிலும் தயாராக இருந்தது. புயலில் வெளியிலிருந்து வரும் மின்தடங்கள் எல்லாம் அறுந்தாலும் இந்த நிலையம் தானே இயங்கத் தொடங்கி ஊருக்கு விளக்கேற்றும் என்றார்கள். ஆரஞ்சுச் சட்டை கைதட்டிய இடங்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம்.

மின் நிலையம் 2020இல் ஓடத் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 29ஆம் தேதி ஐடா புயல் கரையைக் கடந்தது. நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த எட்டு உயர் அழுத்தத் தடங்களும் ஒன்று விடாமல் விழுந்தன. மிஸிஸிப்பி ஆற்றோரம் ஒரு கோபுரமே சாய்ந்து தண்ணீருக்குள் போனது. நகரம் முழுவதும் இருட்டு. புது மின் நிலையமும் அதோடு சேர்ந்து இருட்டில் நின்றது. செப்டம்பர் 1ஆம் தேதி அதிகாலையில் நியூ ஆர்லியன்ஸ் கிழக்கில் முதல் விளக்குகள் எரிந்தன. ஸ்லைடெல் என்ற பக்கத்து ஊரிலிருந்து வந்த மின்தடம் ஒன்றைச் சரிசெய்து ஏற்றியவை அவை.